கப்பல் தளத்தில் ஓர் இயற்பியல் பாடம்



நிறையில் பாதியைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல். இதை நம் மாணவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். அந்த வர்க்கத்தால் என்ன ஆகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அந்த இடத்தில் நான் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிப் பேசுவேன்.

1911 ஜனவரி 18 அன்று, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற ‘பென்சில்வேனியா’ போர்க்கப்பலில் யூஜின் ஈலி விமானத்தை இறக்கினார். முனைகளில் மணல் மூட்டை கட்டிய கயிறுகளே அதை நிறுத்தின.

இன்றைய ஜெட் விமானத்துக்கு மணல் மூட்டை போதுமா? கரும்பலகையில் கணக்கிடுவோம். நிறை 24 டன், கப்பலைச் சார்ந்த வேகம் நொடிக்கு 60 மீட்டர், நிற்கக் கிடைக்கும் தூரம் 100 மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் 4 கோடியே 32 லட்சம் ஜூல். தூரத்தால் வகுத்தால் சராசரி விசை 4,32,000 நியூட்டன். ஏறத்தாழ 44 டன் எடைக்குச் சமம். கொக்கி கம்பிவடத்தில் மாட்டாவிட்டால் மீண்டும் பறக்க வேண்டுமே! அதனால் தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினை முழு விசையில் இயக்குவார். அந்த விசையையும் கம்பிவடமே தாங்க வேண்டும்.

கப்பல் ஏன் காற்றை எதிர்த்து ஓடுகிறது என்று அடுத்துக் கேளுங்கள். கப்பல் நின்று, காற்றும் இல்லாவிட்டால், அதே விமானம் 72 மீட்டர் வேகத்தில் தளத்தைத் தொடும் என்று வையுங்கள். வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. ஆற்றலோ 44 சதவீதம் கூடுகிறது. நிறை 20 சதவீதம் கூடினால் ஆற்றலும் 20 சதவீதமே கூடும். வர்க்கத்தின் பொருள் இங்கே புரிந்துவிடும்.

தளத்துக்கு அடியில், கம்பிவடம் இழுக்க இழுக்க உருளைக்குள் உள்ள திரவம் ஒரு வால்வின் குறுகிய வழியே பிதுங்கிச் சூடாகிறது. ஒவ்வொரு விமானத்தின் எடைக்கும் ஏற்ப அந்த வால்வைத் திருத்தி அமைக்க வேண்டும். 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ‘ஐசனோவர்’ கப்பலில் கம்பிவடம் அறுந்து மாலுமிகள் 8 பேர் காயமடைந்தனர். பராமரிப்பில் ஒரு முக்கியப் படி விடுபட்டதே காரணம் என்று கடற்படை விசாரணை கூறியது. கணக்கில் படிகளைத் தாண்டும் மாணவருக்கு இதைச் சொல்லலாம்.

கடைசிக் கேள்வி சாலைக்கு உரியது. இருசக்கர வாகனம் 40 கிலோமீட்டருக்குப் பதில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஆற்றல் எத்தனை மடங்கு? இரண்டேகால் மடங்கு. பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் ஏறத்தாழ அத்தனை மடங்கு. சாலையில் பிடித்து நிறுத்தக் கம்பிவடம் கிடையாது. இந்த விடையை நம் பிள்ளைகள் தாமே கணக்கிட்டுக் காண வேண்டும் என்பதே என் விருப்பம்.