திருப்பிச் செய்தல்

எதிரணி நண்பர், “திருப்பிக் கொடுத்தாத்தான் மனுஷன்” என்று முழங்கிவிட்டுப் போனார். எதைத் திருப்பி ஐயா?

‘திருப்பி’ பொல்லாத சொல். கடனையும் திருப்பித் தருகிறோம், அடியையும் திருப்பித் தருகிறோம். “வட்டியும் முதலுமா வாங்கிக்குவே!” இது கடன்காரன் பேச்சா, பகையாளி பேச்சா? வள்ளுவர் உஷாரானவர். 211ஆம் குறளில் மழையைச் சொல்லும்போது ‘கைம்மாறு’ என்றார். “அரிவாளால வெட்டிக் கைம்மாறு செஞ்சேன்”னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அதுக்குப் பெயர் பழி வாங்குதல். கவனியுங்கள், வெட்டுக் கொடுத்தவன் அவன். ஆனால் ‘வாங்கினான்’ என்கிறது தமிழ்!

இரண்டும் கலந்ததை எங்க வீட்டிலேயே பார்த்தேன். அக்கா கல்யாணத்துக்குச் சித்தப்பா எழுதின மொய் 11 ரூபாய். ஊரார் 51, 101 எழுத, கூடப் பிறந்தவர் 11! அப்பா வாய் திறக்கலே. மொய் நோட்டை மட்டும் மஞ்சப் பையில சுத்திப் பத்திரமா வச்சார். எட்டு வருஷம் கழிச்சு சித்தப்பா மக கல்யாணம். அப்பாவும் 11 ரூபாயே எழுதினார். “செஞ்சதைத் திருப்பிச் செஞ்சாச்சு” என்றார். நோட்டுக் கணக்கில் அது மொய்; அவர் மனசில் அது பழி.

பந்தியில் சித்தப்பாவே நின்று, “அண்ணே, இன்னும் கொஞ்சம்”னு பாயசம் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாங்க: “சின்னவ இன்னிக்குத்தான் சொன்னா. அந்த வருஷம் கிணறு வத்தி வெள்ளாமை போச்சாம். அந்தப் பதினோரு ரூபாயும் கடன் வாங்கி எழுதினதாம்.”

அன்று ராத்திரி நான் எழுந்தபோது, அப்பா மொய் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.