திடலும் மேசையும்
(டிரஸ்டின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



 

இந்த ஆண்டு நமக்கு வந்த மனுக்களில் சில பிள்ளைகள் ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சியாக இருந்தது. "அதற்கு என்ன தயாரிப்பு செய்கிறீர்கள்?" என்று கேட்டோம். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "காலையில் ஓடுகிறோம்." புத்தகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இன்று இதைப் பேச வேண்டியிருக்கிறது.

புனே அருகே கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் வருங்கால அதிகாரிகள் பிளஸ் டூ முடித்ததும் இங்கே சேர்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை யுபிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300 மதிப்பெண், ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்த தாளுக்கு 600. தேறியவர்களுக்கு எஸ்எஸ்பி நேர்முகத் தேர்வு 900. ஆக, வாசலில் நுழைவதற்கே படிப்புதான் முதல் சாவி.

உள்ளே போனபிறகும் படிப்பு விடாது. மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள். முடிவில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம். அதாவது, அது பயிற்சித் திடல் மட்டுமல்ல, கல்லூரியும்தான். நம் மதரஸாக்களில் ஓதும் அரபி மொழிகூட அங்கே வெளிநாட்டு மொழிகளில் ஒன்றாகக் கற்பிக்கப்படுகிறது.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? விடியுமுன் எழுந்து அணியில் நிற்க வேண்டும். டிரில், உடற்பயிற்சி, நீச்சல், குதிரையேற்றம் எல்லாம் உண்டு. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மிதிவண்டியில் அணியாகப் போக வேண்டும். இதற்கு நடுவே வகுப்புகள். மாலையில் விளையாட்டு. இரவில் படிப்பதற்கென்று ஒதுக்கிய நேரம். பிறகு விளக்கணைப்பு. உடற்பயிற்சித் தேர்வில் தவறினாலும், பாடத்தில் தவறினாலும் அடுத்த பருவத்துக்கு விடமாட்டார்கள். ஆறு மாதம் பின்னால் இறக்கி, இளையவர்களோடு அதே பருவத்தை மறுபடி படிக்க வைப்பார்கள். ரெலிகேஷன் என்று அதற்குப் பெயர். திடலில் கெட்டிக்காரன் என்பதற்காக மேசையில் மன்னிப்பு கிடையாது. மேசையில் கெட்டிக்காரன் என்றால் திடலிலும் மன்னிப்பு கிடையாது.

இதை நாங்கள் அனுபவத்தில் கற்றோம். நம் டிரஸ்ட் உதவியில் தயாராகி அங்கே சேர்ந்த ஒரு பிள்ளை இரண்டாம் பருவத்தில் பாடங்களில் தவறி, ரெலிகேஷன் ஆனான். ஊரில் "துரத்திவிட்டார்களாம்" என்று பேச்சு கிளம்பியது. அவனுடைய அத்தா இரண்டு ஜும்ஆவுக்குக் கடைசி வரிசையில் நின்று, சலாம் கொடுத்ததும் யார் முகத்தையும் பாராமல் போய்விட்டார். பையன் போனில், "மாமு, வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் அழுத்துகிறது. வந்துவிடட்டுமா?" என்று கேட்டான்.

அன்றிரவு நிர்வாகிகள் உட்கார்ந்து பேசினோம். யோசித்துப் பார்த்தால் பிழை எங்களிடமும் இருந்தது. ஷூ வாங்கிக் கொடுத்தோம், கோச்சிங் கட்டணம் கட்டினோம். நுழைவுத் தேர்வில் சரியான விடையைக் குறிப்பதற்குப் பழக்கினோம். தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, பக்கம் பக்கமாக எழுத வேண்டுமே என்று யாரும் நினைக்கவில்லை.

"வராதே, ஆறு மாதம்தான் போயிருக்கிறது, ஆயுள் போகவில்லை" என்று சொன்னோம். அவன் நின்றான். விடுமுறையில் வந்தபோது எப்படி மீண்டான் என்று அவனே சொன்னான். இரவுப் படிப்பு நேரத்தில் அவன் செய்துகொண்டிருந்தது ஷூவுக்கும் பெல்ட்டுக்கும் பாலிஷ் போடுவது! மறுநாள் சோதனையில் தண்டனை வரும் என்ற பயம். தண்டனை நாளைக்கே வரும், பரீட்சை பருவக் கடைசியில்தானே என்று தள்ளிப்போட்டிருக்கிறான். பிறகு பாலிஷை விளையாட்டு முடிந்த கையோடு முடித்துவிட்டு, படிப்பு நேரத்தைப் படிப்புக்கே வைத்தான். கணிதத்தில் வல்ல ஒரு நண்பனிடம் பாடம் கேட்டான், பதிலுக்கு அவனுக்கு ஓட்டம் பழக்கினான். ஒருவன் திடலில் தப்பினான், ஒருவன் மேசையில் தப்பினான். இன்று நம் பிள்ளை ஐந்தாம் பருவத்தில் இருக்கிறான். துஆ செய்யுங்கள்.

ஒழுங்கு என்பது உடலை வருத்துவது மட்டுமல்ல, அந்தந்த நேரத்துக்கு உரியதை அந்தந்த நேரத்தில் செய்வதுதான். இது நமக்குப் புதிதா? ஐந்து வேளைத் தொழுகை நமக்குக் கற்றுத்தருவதும் இதைத்தானே! பஜ்ருக்கு எழுந்து பழகிய பிள்ளைக்கு அகாடமியின் விடியல் பாரமாக இராது. பஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் புத்தகம் எடுத்தும் பழகியவனுக்கு அங்கே பாடமும் பாரமாக இராது.

படையில் உயர்ந்து, பிறகு கல்வியிலும் பொறுப்பேற்றவர்கள் உண்டு. கடக்வாஸ்லாவில் பயின்ற லெப்டினன்ட் ஜெனரல் ஜமீருத்தீன் ஷா, ராணுவத் துணைத் தளபதிகளில் ஒருவராக ஓய்வு பெற்று, 2012 முதல் 2017 வரை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். தாய்மார்களும் கவனியுங்கள்: 2022-ல் முதன்முறையாகப் பெண் பிள்ளைகளும் அங்கே சேர்ந்தார்கள். 2025 மே மாதம் அவர்களில் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

ஆகவே, இந்த ஆண்டு முதல் நம் டிரஸ்ட் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. ராணுவத் தேர்வுக்கு உதவி கேட்கும் பிள்ளைகள், மஃரிபுக்குப் பின் நம் மதரஸா கூடத்தில் நடக்கும் ஆங்கில, கணித வகுப்புக்கு வாரம் மூன்று நாள் வர வேண்டும். ஆங்கிலத்தில் கையால் எழுதிக் காட்ட வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் முன்வந்தால் பேருதவியாக இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை போன் செய்தால், "எத்தனை கிலோமீட்டர் ஓடினாய்?" என்று கேளுங்கள். கூடவே, "இன்று என்ன படித்தாய்?" என்றும் கேளுங்கள். எங்கோ ஒரு பிள்ளை ஆறு மாதம் பின்தங்கினால், அவன் அத்தாவைப் பின் வரிசையில் நிற்க விடாதீர்கள். கையைப் பிடித்து முன்னால் அழைத்து வாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உடல் வலிமையையும், நேரத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.