தேன்கூட்டுக்கு மருந்து அடிக்கும் முன்...

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் 'பி' பிளாக் ஐந்தாவது மாடி சன்ஷேடில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பயந்துபோய் பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டோம். மறுநாள் காலை கார் பார்க்கிங் முழுக்கச் செத்த தேனீக்கள். அன்று மாலையே அடையைப் பிழிந்து, கேட் பக்கத்தில் பாட்டிலில் விற்றார்கள். 'கண் முன்னே எடுத்த சுத்தமான தேன்' என்று நம்மில் பலர் வாங்கினோம். நானும் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: நேற்று மருந்து அடித்த கூடு அல்லவா இது!

தயவுசெய்து அந்தப் பாட்டில் யார் வீட்டிலாவது இருந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விடுவது, தீக்குச்சியில் தொட்டுப் பற்றவைப்பது போன்ற வீட்டுச் சோதனைகளால் மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். காய்ச்சினாலும் போய்விடும் என்று நம்ப முடியாது.

இப்படிக் கூட்டின் மேல் அடிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் கொழுப்பில் கரைபவை. அதனால் தேனைவிட மெழுகில் அதிகம் தங்கும். அடையோடு மென்று சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2010-இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில் மெழுகு, மகரந்தம், தேனீ என 887 மாதிரிகளைச் சோதித்தார்கள். பூச்சிக்கொல்லிகளும் அவை சிதைந்து உண்டாகும் பொருள்களுமாக 121 கிடைத்தன.

கூட்டின் மேல் அடிக்காவிட்டாலும் மருந்து உள்ளே போக இன்னொரு வழி இருக்கிறது. அசுவினிக்காக நாம் செடிக்கு ஊற்றும் இமிடாகுளோப்ரிட் வேர் வழியாக ஏறி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும். சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் பல்கலைக்கழகத்தினர் உலகெங்குமிருந்து 198 தேன் மாதிரிகளைச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று மாதிரிகளில் இந்த வகை மருந்து ஒன்றாவது இருந்தது. பெரும்பாலானவற்றில் மனிதருக்கான வரம்புக்குள்தான் இருந்தது. எனவே தேனையே விட்டுவிட வேண்டாம். ஆனால் தேனீக்கு மிகச் சிறிய அளவே கெடுதல். இமிடாகுளோப்ரிட் உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது அதனால்தான்.

தேனீ காற்றில் உள்ளதையும் கொண்டுவரும். 2019-இல் பாரிசின் நோத்ர தாம் தேவாலயம் தீப்பிடித்தபோது கூரையின் ஈயம் புகையோடு பரவியது. காற்று வீசிய திசையில் இருந்த கூடுகளின் தேனில் ஈயம் கூடுதலாக இருந்தது. நம் சுற்றுப்புறத்தில் இருப்பதுதான் தேனிலும் இருக்கும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? நான்கு வேண்டுகோள்கள்:

1. எட்டாத உயரத்தில் இருக்கும் கூட்டை விட்டுவிடுவோம். பூக்காலம் முடிந்ததும் மலைத்தேனீ தானே கிளம்பிவிடும். அதுவரை அந்தப் பக்கத்து பால்கனி விளக்கை இரவில் அணைத்து வையுங்கள். வெளிச்சத்துக்குத்தான் அவை வீட்டுக்குள் வருகின்றன.

2. குழந்தைகள் நடமாடும் இடமாகவோ, கொட்டினால் ஒவ்வாமை வருபவர் வீட்டருகிலோ இருந்தால், மருந்து அடிக்காமல் இரவில் புகை போட்டு எடுக்கத் தெரிந்தவர்களையே அழைப்போம். யாரும் தனியாக முயல வேண்டாம்.

3. தோட்டத்தில் பூத்திருக்கும் செடிக்கு மருந்து வேண்டாம். அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில், தேனீ திரும்பிய பிறகு தெளிக்கலாம்.

4. வளாகத்தில் எந்த மருந்து அடித்தாலும், அதன் பெயரையும் தேதியையும் முன்கூட்டியே நோட்டீஸ் போர்டில் எழுத வேண்டும். அடித்த கூட்டின் அடையைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். விற்க விடக் கூடாது.

நான்காவதை இன்றே தீர்மானமாக நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.