முடியாது என்று சொல்லத் தெரிந்த தளபதி
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி விழாவிலே என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஞானக் காரியங்களைப் பேசக் குருக்கள் இருக்கிறார்கள். நான் அறிந்தது பட்டாளம் ஒன்றே. ஆகவே, நம் நீலகிரி மலையில் வாழ்ந்து இம்மண்ணிலேயே அடக்கமான பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா அவர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் நம் சபையினர் அல்லர், பார்சி. குன்னூர்க் கடைவீதியில் அவரைக் கண்டவர்கள் உங்களிலும் இருக்கலாம்.

1914 ஏப்ரல் 3-ஆம் நாள் அமிர்தசரசில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தார். தாமும் டாக்டராக வேண்டும், லண்டனுக்கு அனுப்புங்கள் என்று தகப்பனாரைக் கேட்டார். வயது போதாது என்று அவர் மறுத்துவிட, அந்தக் கோபத்திலேயே டேராடூன் இராணுவக் கல்லூரித் தேர்வை எழுதி, 1932-இல் அங்கு சேர்ந்த முதல் அணியின் 40 பேரில் ஒருவரானார். பிள்ளைகள் கோபித்துக்கொண்டால் பெற்றோர் மிகவும் கலங்க வேண்டியதில்லை போலும்!

1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் பாலத்தருகே ஜப்பானியரோடு நடந்த சண்டையில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றில் பாய்ந்தன. இவர் பிழைக்கமாட்டார் என்றெண்ணிய ஜெனரல் கோவன், தம் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் பட்டியைக் கழற்றி அவருக்குக் குத்தினார். ஆர்டர்லி ஷேர் சிங் அவரைச் சுமந்து சென்று மருத்துவரிடம் சேர்த்தார்.

குண்டுக்கு அஞ்சாதவர்கள் பட்டாளத்தில் ஏராளம். மேலிடத்துக்கு அஞ்சாதவர்கள்தாம் அரிது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் ஒருமுறை, தலைமைத் தளபதி திம்மய்யாவைப் பற்றி உமது கருத்து என்ன என்று கேட்டாராம். "அவர் என் தலைவர், அவரை எடைபோடுவது என் வேலையன்று. இன்று என்னைக் கேட்டால், நாளை என் கீழுள்ளவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்பீர்கள்" என்ற பொருளில் இவர் பதில் சொன்னார். பின்னர் வெலிங்டன் ஸ்டாப் காலேஜின் தலைவராய் இருந்தபோது, தேசப்பற்று இல்லாதவர் என்ற பழியோடு அவர்மேல் விசாரணை வந்தது. இதே மலையில், நமக்கு இவ்வளவு அருகில்! குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. 1962-இல் சீனரிடம் நம் படை தோற்று, மேனனும் பதவி விலகிய பின், துவண்டு கிடந்த நான்காம் கோர் படையைத் தூக்கி நிறுத்த இவரைத்தான் தேஸ்பூருக்கு அனுப்பினார்கள்.

1969-இல் தலைமைத் தளபதியானார். 1971 ஏப்ரலில், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த வேளை. உடனே படையெடுக்க முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்க, முடியாது என்றார். மழை வந்தால் வங்காளத்து ஆறுகள் கடலாகும். அறுவடைக் காலத்தில் தானியத்துக்கு வேண்டிய இரயில் வண்டிகளைப் படைக்கு எடுத்தால் மக்கள் பட்டினி கிடப்பார்கள். மலைக் கணவாய்களில் பனி உருகிவிட்டால் சீனர் இறங்கலாம். இப்போதே போனால் தோல்வி நிச்சயம் என்று கூறி, இராஜினாமாச் செய்யவும் முன்வந்தார். இதை அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அக்கூட்டத்தில் அப்படியே நடந்ததா என்று ஐயுறும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. நல்ல கதைசொல்லி அல்லவா அவர்! ஆனால் படை டிசம்பர் வரை காத்திருந்தது என்பதில் ஐயமில்லை.

டிசம்பர் 3-இல் தொடங்கிய போர் 16-இல் முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் கைதாயினர். சரணடைவோர் மரியாதையுடன் நடத்தப்படுவர் என்று வானொலியில் அவர் வாக்களித்திருந்தார். டாக்காவில் சரணாகதியை ஏற்கத் தாம் செல்லாமல், அந்தப் பெருமையைக் கிழக்குப் பகுதித் தளபதி அரோராவுக்கே விட்டுவிட்டார்.

1973-இல் இந்தியாவின் முதல் பீல்டு மார்ஷலாகி, ஓய்வு பெற்றுக் குன்னூரில் குடியேறினார். 2008 ஜூன் 27 அன்று, தமது 94-ஆம் வயதில், வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமானார். உதகைப் பார்சிக் கல்லறையில், துணைவியார் சில்லூ அம்மையாரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். டில்லியிலிருந்து பெரிய தலைவர்கள் வரவில்லை. தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.