சீட்டில் எழுதிய ஊர்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விலங்கியல் மாணவர்கள் சிலர் மேகமலையிலும் வருசநாட்டிலும் ஆந்தை ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம். நம்ம ஊரில் ஆந்தை அலறினாலே கல்லை எடுக்கிறவர்கள் அதிகம். கம்பம் பள்ளத்தாக்கு வயல்களில் ராத்திரி எலி பிடிப்பது யார் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அது இருக்கட்டும். உங்களுக்கு நான் சொல்ல வந்தது வேறொரு ஆந்தையின் கதை.

காட்டுச் சிறு ஆந்தை என்று ஒன்று. நம் புளியமரத்துப் புள்ளி ஆந்தைக்குப் பங்காளி மாதிரி இருக்கும். ஆனால் நம் பக்கம் கிடையாது; மத்திய இந்தியாவில்தான் உண்டு. 1873இல் ஹியூம் அதற்குப் பெயர் வைத்தார். 1884 வரை பாடம் செய்த உடல்கள் ஏழே ஏழுதான் கிடைத்தன. பிறகு சத்தமே இல்லை. 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தாமே சேகரித்ததாகச் சீட்டு எழுதி, கர்னல் மெய்னெர்ட்ஸ்ஹாகன் ஒன்று வைத்திருந்தார். பெரிய மனிதர் எழுதிய சீட்டு, யார் சந்தேகப்படுவார்கள்?

பமேலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் சந்தேகப்பட்டார். லண்டன் அருங்காட்சியகத்திலிருந்து திருடி, உள்ளடைப்பை மாற்றி, சீட்டையும் மாற்றிய உடல் அது! டேவிட்சன் என்பவர் கான்தேஷில் எடுத்தது. முழு விவரமும் 1999இல் அச்சில் வந்தது.

மாண்ட்வியை ஒதுக்கிவிட்டு, உண்மையான சீட்டுகளில் இருந்த ஊர்களுக்கே அவர் 1997 நவம்பரில் பென் கிங், டேவிட் அபட் இருவருடன் போனார். முதலில் கிழக்கே தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்புறம் மேற்கே, மகாராஷ்டிரத்தில் சத்புரா அடிவாரம். நவம்பர் 25 காலை, ஷஹாதா அருகே, நல்ல வெயிலில், ஒரு மரத்தில் உட்கார்ந்திருந்தது. 113 வருஷம் கழித்து! அதன்பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் மேல்காட் போன்ற காடுகளில் தங்கி ஆராய்ந்தார்கள். பகலிலேயே நடமாடி, பல்லி, ஓணான் வகைகளைப் பிடித்துத் தின்கிற ஆந்தை என்று தெரிந்தது.

தம்பி தங்கைகளே, உங்கள் நோட்டில் 'மேகமலை' என்று மட்டும் எழுதினால் போதாது. சின்னமனூரிலிருந்து ஏறினால் அடிவாரத்தில் முள்காடு. மேலே தேயிலையும் சோலைக்காடும். ரெண்டுக்கும் ஒரே பேர்தான். எந்தச் சரிவு, எவ்வளவு உயரம், என்ன மரம், எத்தனை மணி, எல்லாம் வேண்டும். ஆந்தை கக்கிப் போட்ட எலும்பும் முடியுமான உருண்டையைப் பொறுக்கினால், அந்த இடத்திலேயே சீட்டு எழுதிப் பொட்டலத்தில் போடுங்கள். விடுதிக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. ஒன்றும் பார்க்காத இரவா? 'பார்க்கவில்லை' என்றே எழுதுங்கள். அதுவும் தகவல்தான்.

இன்னொன்று. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். யானைக்கு உங்கள் ஆராய்ச்சி பற்றித் தெரியாது. டார்ச் லைட், பேட்டரிச் செலவுக்கு நம் சங்கம் நிதி திரட்டினால், முதல் ரசீதை என் பெயருக்குப் போடுங்கள்.