ஆவுளியாவும் ஓங்கிலும்
(கீழப்பாவூரில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



அலையோசை கேளாத கீழப்பாவூரில் கடலைப் பற்றிப் பேசுவானேன் எனக் கேட்கலாம். குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாய் ஓடிச் சீவலப்பேரியருகே பொருநையிற் கலந்து, புன்னைக்காயலில் மன்னார்க் கடலை அடைகின்றது. இம்மண்ணின் நீர் சென்று சேருமிடம் இம்மக்களுக்கு அயலாமோ?

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் உள. அவற்றைச் சூழ்ந்த கடல் 1986-இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. பவளத்திட்டும் கடற்புல்வெளியும் செறிந்த அக்கடலிற் படகேறி உயிரினங்களைக் காண விழைவோர் பலர். காண்பது நன்றே. காண்பவர் வாயில் வருவன யாவை? டால்பின், டுகாங்!

டுகாங் என்பது மலாய்ச் சொல்லின் திரிபு. ஆங்கிலேயன் மலாயரிடம் கடன் பெற்றதைத் தமிழன் தன் கரையிலேயே வட்டிக்கு வாங்குகின்றான்! அதே படகை ஓட்டும் பரதவர் அதனை ஆவுளியா என்பார். துள்ளியெழும் டால்பினை ஓங்கில் என்பார். ஆமையென்று கற்றோர் ஒரு சொல்லில் அடக்குவதைப் பேராமை, அழுங்காமை, ஏழுவரியாமை, பங்குனியாமை எனப் பிரித்தறிவார். முதுகில் ஏழு வரிமேடு ஓடுவது ஏழுவரியாமை. பங்குனியையொட்டிக் கரையேறி முட்டையிடுவது பங்குனியாமை. (பங்குனி தனித்தமிழோ என வழக்காட வேண்டா, பெயரிட்டவன் கண்கூர்மையைப் பாருங்கள்.)

ஆவுளியா மீனன்று, பாலூட்டி. ஆழங்குறைந்த நீரிற் கடற்புல் மேய்வது. மூச்சுவாங்கச் சில நிமையத்துக்கொருமுறை மேலெழ வேண்டும். வலையிற் சிக்கின் மூச்சின்றி மடியும்; விரையும் விசைப்படகின் அடிபட்டும் மடியும். ஓராண்டுக்கு மேல் சூல்சுமந்து ஒரு கன்றே ஈனும். அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். ஒன்றை இழப்பின் ஈடுசெய்தல் எளிதோ? 2022-இல் தமிழ்நாட்டரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டரை இவ்வுயிர்க்கெனக் காப்பகமாக்கியது. போற்றத்தக்க செயல். ஆனால் பெயர் கடற்பசுக் காப்பகம்! பசு வடசொல். ஆவுளியாவின் முதலெழுத்தே ஆவென்று நிற்க, பசுவைத் தேடிப் போவானேன்?

படகேறுவோர் புல்வெளி மேல் விசையைத் தணிக்கச் சொல்லுங்கள். தலைதூக்கும் உயிரைத் துரத்தாதீர்கள். இசைவின்றித் தீவில் இறங்காதீர்கள். படகோட்டியிடம், "ஐயா, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" எனக் கேளுங்கள். கேட்டதை அன்றே ஏட்டில் எழுதுங்கள். அவர் மகன் பள்ளியில் டால்பின் என்று எழுதிக்கொண்டிருக்கின்றான்.