விலை சொல்லும் இடம்



தமிழிலேயே பேசுங்கள், மார்டஹள்ளிப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய வந்திருக்கின்றன என்று கல்லூரி முதல்வர் சொன்னார். எனக்கும் அது வசதி. இந்தப் பக்கத்துக்குத் தமிழ் புதிதில்லை: 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது, இந்த ஹனூரும் அதற்குள்தான். உங்கள் தாத்தாக்கள் நிலப் பத்திரத்துக்குக் கோயம்புத்தூரைப் பார்த்தார்கள், அப்பாக்கள் மைசூருவைப் பார்த்தார்கள், 1997-லிருந்து நீங்கள் சாமராஜநகரைப் பார்க்கிறீர்கள்.

பட்டமளிப்பு உரை என்றால் வெளிநாட்டுக் கோடீசுவரர் ஒருவரின் கதையைச் சொல்லி, அவரைப் போல ஆகுங்கள் என்று முடிப்பது வழக்கம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹனூரைச் சுற்றியே பிழைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இருக்கிறது. முதலில் பட்டுப்புழு.

இந்தத் தொழிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஆனாலும் வீட்டில் நடப்பதை நாம் கணக்காகப் பார்ப்பதில்லை. பொரித்ததிலிருந்து கூடு கட்டும் வரை புழுவுக்குச் சுமார் இருபத்தைந்து நாள். அதற்குள் நான்கு முறை தோல் உரிக்கிறது. ஐந்தாம் பருவத்தில், கடைசி ஏழெட்டு நாளில்தான், தன் ஆயுளுக்கான தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தின்று தீர்க்கிறது. அந்த ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. நள்ளிரவிலும் மல்பெரிக் கிளை போட வேண்டும். உறவில் கல்யாணம் வந்தால்கூட ஒருவர் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். இவ்வளவு பாடுபட்டுக் கூடு எடுத்த பிறகு என்ன ஆகிறது? உள்ளே இருப்பது உயிர். கூடு கட்டிப் பத்துப் பன்னிரண்டு நாளில் அது அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளைத்த கூட்டில் அறுபடாத நூல் எடுக்க முடியாது. நெல் விவசாயி விலை சரியில்லை என்றால் மூட்டையை அடுக்கிவைத்துப் பார்க்கலாம். பட்டுக்கூடு வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அந்த வாரம் சந்தையில் என்ன விலையோ அதற்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். அவருடைய பேரத்துக்குக் கெடு வைப்பது அந்தப் பூச்சி.

இன்னொரு கெடுவும் உண்டு, அது டெல்லியிலிருந்து வரும். 2011 மத்திய பட்ஜெட்டில் இறக்குமதிக் கச்சாப் பட்டுக்கான சுங்க வரியை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். சீனப் பட்டு மலிவாக உள்ளே வந்தது. கர்நாடகச் சந்தைகளில் கூட்டு விலை சரிந்தது, விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். 2013-ல் வரியை 15 சதவீதமாக உயர்த்தினார்கள். இடையில் எத்தனை பேர் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போனார்கள் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் பெயர் பெயராகச் சொல்வார்கள். புழுவை நன்றாக வளர்க்கத் தெரியாமல் அவர்கள் தோற்கவில்லை. விலை நிர்ணயமாகும் இடத்தில் அவர்களுடைய ஆள் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். உழைப்பிலும் கைத்திறனிலும் இந்தப் பக்கத்து மக்களுக்குக் குறை கிடையாது. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறக்குறைய ஏழு கிலோ கூடு வேண்டும். கூடு வளர்த்தவர், நூல் இழுத்தவர், முறுக்கியவர், சாயம் போட்டவர், காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்தவர், ஜவுளிக்கடைக்காரர் என்று ஒரு பட்டுச் சேலைக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. காஞ்சிப் பட்டு என்று பெயர் வாங்கும் சேலையின் நூல் பெரும்பாலும் கர்நாடகத்தில் விளைந்தது. அந்த வரிசையில் ஹனூர் நிற்பது கடைசியில். ஒரே ஒரு படி முன்னே நகர்ந்தாலும் வருமானத்தின் தன்மையே மாறும்.

நகர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இளம்புழு வளர்ப்பு மையங்களைப் பாருங்கள். முதல் இரண்டு பருவத்தில் புழு மிக நொய்மையானது. சூடும் ஈரமும் கொஞ்சம் தப்பினாலும் நோய் வந்துவிடும். ஆகவே சிலர் அந்தப் பருவத்தை மட்டும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். தனிக் கட்டடம், தளிர் இலைக்கென்று தனித் தோட்டம், கிருமிநாசினி, வெப்பமானி. இரண்டாம் தோல் உரிந்ததும் விவசாயிக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவருக்கு வேலை நாளும் குறைகிறது, பயமும் குறைகிறது. விற்றவருக்குச் சில நாளுக்கு ஒருமுறை காசு வருகிறது. இதில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. அடுத்தவர் எந்தக் கட்டத்தில் அதிகம் பயப்படுகிறார் என்று பார்த்து, அந்தக் கட்டத்தைத் தன் தொழிலாக்கிக்கொண்டார்கள்.

மலை மாதேசுவரர் மலையில் இதைவிடக் கடினமான ஒரு கதை. அங்குள்ள பழங்குடியினரான சோலிகர்கள் மூங்கிலில் கூடை முடைந்தவர்கள். காட்டுச் சட்டங்கள் இறுகின, மூங்கில் கைக்கு எட்டாமல் போனது. அதே காட்டில், வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி யாருக்கும் வேண்டாத புதராக மண்டியது. தரையில் சருகுக்குத் தீ வைக்கும் தங்கள் பழைய வழக்கத்தை நிறுத்தியதால்தான் அது இப்படிப் பரவியது என்பது சோலிகர்களின் வாதம். அதை ஆராய்ச்சியாளர்களும் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அசோகா டிரஸ்ட் என்ற ஆய்வு நிறுவனம் அங்கே பயிற்சி கொடுத்தது. குச்சியைக் கொதிக்கவைத்துப் பட்டையை உரித்து வளைத்தால் நாற்காலி, மேசை, கூடை எல்லாம் வருகின்றன. கரையானும் எளிதில் அண்டுவதில்லை. 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்ற முழு உருவ யானைகள், நீலகிரிப் பக்கத்துப் பழங்குடியினர் இதே செடியில் செய்தவை. பத்திரிகைகள் வியந்து எழுதின. எனக்கு வியப்பைவிடக் கவலைதான் அதிகம். நாற்காலி செய்யச் சோலிகர் கற்றுக்கொண்டார். அதை பெங்களூருவில் யார் வாங்குவார், வண்டி வாடகை எவ்வளவு, என்ன விலை வைத்தால் கூலி மிஞ்சும் என்ற கணக்கு இன்னும் பெரும்பாலும் வெளியாட்கள் கையில் இருக்கிறது. பி.காம். படித்தவர்கள் இந்த அரங்கில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது அது ஏன் அப்படி?

ஒடெயரபாளையாவில் 1974-லிருந்து குடியிருக்கும் திபெத்தியர்களையும் சொல்லாமல் விடக்கூடாது. மானாவாரி மக்காச்சோளம் அவர்களுக்குப் போதவில்லை. குளிர்காலம் வந்தால் திபெத்தியர்கள் ஊர் ஊராகப் போய் ஸ்வெட்டர் விற்கிறார்கள். சரக்கை லூதியானா முதலாளிகள் கடனாகத் தருவார்கள். சீசன் முடிந்ததும் பணம் போய்ச் சேரும். பல ஆண்டுகளாக இந்தக் கடன் புரள்வது வாய்ச்சொல்லின் பலத்தில். அகதியாக வந்தவர்களுக்கு அடமானம் வைக்க நிலம் கிடையாது. வாக்கைத்தான் அடமானம் வைத்தார்கள்.

வேலைக்கு பெங்களூருவுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. போங்கள். வீட்டுக் கடன் அடைய வேண்டும், தங்கைக்குப் படிப்பு இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் கூடு வளர்க்கிறார்கள் என்றால், போகும் வழியில் ஒரு நாள் கனகபுரத்தில் இறங்கி ராமநகரத்துக்கு பஸ் பிடியுங்கள். ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்படும் கூட்டுச் சந்தை அங்கே இருக்கிறது. காலை ஏலத்துக்கு முன்னால் போய்விடுங்கள். எந்தக் கூட்டுக்கு என்ன விலை போகிறது, வாங்குபவர் கூட்டைக் கையில் அள்ளி எதைப் பார்க்கிறார், ஒரே நாளில் இரண்டு பேருக்குக் கிலோவுக்கு நூறு ரூபாய் வித்தியாசம் எதனால் வருகிறது என்று நின்று பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு போன் போட்டு அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பதில் தேட மறுபடி ஒருமுறை அங்கே போக வேண்டியிருக்கும்.